இன்னும் ஒரே மேடு

கரட்டுமலைக் காட்டில் கட்டாரி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்கு ஓடப் பிடிக்கும். ஆனால் வேகமாக ஓட வராது. குட்டைக் கால், கொஞ்சம் பெரிய வயிறு, முதுகில் ஒரு கட்டு முள். இத்தனையையும் சுமந்துகொண்டு ஓடினால் யாருக்குத்தான் வேகம் வரும்?

அந்தக் காட்டில் வருஷத்துக்கு ஒரு முறை ஒரு ஓட்டம் நடக்கும். கோடை முடிந்து முதல் இடி கேட்டதும், மறுநாள் காலை குளக்கரையில் எல்லாப் பிராணிகளும் கூடிவிடும். அங்கிருந்து மலைமேல் உள்ள கூன்பாறை வரைக்கும் ஓட வேண்டும்.

பாதை எது? அதில்தான் வம்பு. அந்தக் கோடையில் யானைக்கூட்டம் எந்த வழியாக மலை ஏறியதோ, அதுதான் பாதை. யானைகளோ வருஷத்துக்கு ஒரு வழியாகச் சுற்றிச் சுற்றிப் போகும். ஒரு வருஷம் நாலு மேடு வரும். ஒரு வருஷம் ஏழு வரும். அடர்ந்த காடு ஆனதால், ஒரு மேட்டின் உச்சியில் நின்றால்தான் அடுத்த மேடு கண்ணில் படும். ஆகவே மொத்தம் எத்தனை மேடு என்று ஓடுகிறவர்களுக்குத் தெரியவே தெரியாது.

காலையில் கூன்பாறையின் நிழல் நீளமாக விழும். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கும். நடுப்பகலில் அது பாறைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். அதற்குள் பாறையைத் தொட்டவர்களுக்கு அந்த மழைக்காலத்துக்கு மேட்டு வளை கிடைக்கும். தொடாதவர்களுக்கு ஓடைக்கரையில் பள்ளத்து வளை. ஓடித்தான் வீடு பிடிக்க வேண்டும் என்று யார் வைத்த சட்டம் இது என்று கேட்டால், காட்டில் ஒருவருக்கும் பதில் தெரியாது. “எப்பவும் அப்படித்தான்!” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

வருஷா வருஷம் புள்ளிமான்தான் முதலில் வரும். அதற்கு வளையே தேவையில்லை. ஆனாலும் வந்து, பாறையைத் தொட்டு, தலையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுப் புல் மேயப் போய்விடும். அதைப் பற்றி நமக்குப் பேச்சில்லை.

கட்டாரிக்கு முதலில் வர ஆசையே கிடையாது. நிழல் மறைவதற்குள் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் அதுவே இரண்டு வருஷமாக நடக்கவில்லை. போன மழையில் அதன் பள்ளத்து வளைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மனைவி சிலுப்பியும் இரண்டு குட்டிகளும் ஒரு கல்லின்மேல் ஒட்டிக்கொண்டு நனைந்தபடி கிடந்தார்கள். இளைய குட்டிக்கு வந்த இருமல் மாதக்கணக்கில் விடவில்லை.

முதல் இடி கேட்ட அன்று சாயங்காலம் சிலுப்பி சொன்னது: “என்னங்க, இன்னொரு மழையை இந்தச் சின்னவன் தாங்க மாட்டான். நீங்க ஜெயிக்கவெல்லாம் வேண்டாம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தா போதும்.”

“இந்தத் தடவை பார்!” என்றது கட்டாரி. “மூணு மாசமா குளக்கரை மேட்டுல தினம் பதினொரு தடவை ஏறி இறங்கியிருக்கேன்!”

அது உண்மைதான். பகலில் தூங்க வேண்டிய பிராணி, பாவம், தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓடிப் பழகியது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கட்டாரி கவலைப்படவில்லை.

மறுநாள் பொழுது விடிந்தது. குளக்கரையில் ஒரே தள்ளுமுள்ளு. முயல்கள் குறுக்கே குறுக்கே பாய்ந்தன. காட்டுப்பன்றிகள் புழுதியைக் கிளப்பின. கீரிகள் நிற்கிற இடத்திலேயே குதித்துக் குதித்து வேர்வையை வரவழைத்துக்கொண்டன. மயில் ஒரு கூவல் கூவியது. எல்லாம் பாய்ந்தன.

முயலும் மானும் கண்ணை மூடித் திறப்பதற்குள் காணாமல் போயின. கட்டாரி அவசரப்படவில்லை. மூச்சை எண்ணிக்கொண்டு, அடிமேல் அடி வைத்து, முதல் மேட்டை ஏறியது. கால் நன்றாக இருந்தது. மனசும் நன்றாக இருந்தது. இப்படியே போனால் எத்தனை மேடு வந்தாலும் ஏறிவிடலாம் என்று அதற்குத் தோன்றியது.

மேட்டின் உச்சியில் ஒரு நாவல் மரம். மரம் முழுக்கக் குரங்குகள். அவற்றுக்குத் தலைவன் ஊஞ்சலான்.

இந்தக் குரங்குகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அவை ஒரு நாளும் ஓட மாட்டா. மரத்தில் இருப்பவர்களுக்கு வளை எதற்கு? ஆனால் ஓட்டத்தன்று மரத்துக்கு மரம் தாவி, ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொண்டு, ஓடி வருகிறவர்களுக்கு ஊக்கம் கொடுக்கும். அதைப் பெரிய தர்மம் என்று நினைத்துக்கொண்டிருந்தன.

கட்டாரியின் தலை தெரிந்ததும் ஊஞ்சலான் கிளையைப் பிடித்து உலுக்கியது.

“வா அண்ணே, வா! இதோ ஆச்சு! இன்னும் ஒரே மேடு!”

“ஒரே மேடு! ஒரே மேடு!” என்று மற்றக் குரங்குகளும் கத்தின.

“அப்படியா!” என்று கட்டாரி வாயைப் பிளந்தது. “இந்த வருஷம் ரெண்டே மேடுதானா? யானைங்க நல்லா இருக்கட்டும்!”

அவ்வளவுதான். மூச்சை எண்ணுவதை விட்டது. அடிமேல் அடி வைப்பதை விட்டது. சரிவில் உருண்டு புரண்டு இறங்கி, இரண்டாவது மேட்டில் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பாதி மேட்டிலேயே விலா குத்தியது. வாயில் நுரை தள்ளியது. கடைசி மேடுதானே, இருப்பதை எல்லாம் செலவழித்துவிடலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறியது.

உச்சிக்கு வந்து பார்த்தால் கூன்பாறை இல்லை. எதிரே இன்னொரு மேடு நின்றது.

“அட!” என்று கட்டாரி அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்தில் ஒரு காட்டெருமை புல் மேய்ந்துகொண்டிருந்தது. கால் நான்கும் தும்பைப்பூ மாதிரி வெள்ளையாக இருப்பதால் அதற்குத் தும்பையன் என்று பெயர். மலை முழுக்க மேய்கிற பிராணி. யானைத் தடம் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது என்பது அதற்கு அத்துப்படி.

தும்பையன் மெல்லுவதை நிறுத்தாமல் சொன்னது: “எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடி வர்றே? இன்னும் நாலு மேடு இருக்கு. அடுத்தது சுமார். அதுக்கு அடுத்தது செங்குத்து. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு அதுல ஏற முடியாது. மெதுவாப் போ.”

கட்டாரிக்கு ஆத்திரம் வந்தது. விலா குத்துகிறபோது இப்படி ஒரு பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் வராது? தப்புத்தான், ஆனாலும் வரும்.

அதற்குள் இந்த மேட்டின் நாவல் மரத்துக்கும் தாவி வந்துவிட்ட குரங்குகளுக்கு அதைவிட ஆத்திரம்.

“ஏய் தும்பையா! உனக்கு இரக்கம் இருக்கா?” என்று ஊஞ்சலான் கத்தியது. “பாவம், உயிரைக் கொடுத்து ஓடி வருது. அதுகிட்ட போய் இப்படியா மனசை ஒடிப்பே?”

“இருக்கிறதைத்தானே சொன்னேன்!”

“உன்னை யாரு கேட்டா?” என்று குரங்குகள் பிஞ்சு நாவற்காய்களைப் பறித்து எருமைமேல் வீசின. ஒன்று மூக்கில் பட்டது.

கட்டாரியும் சேர்ந்துகொண்டது. “ஆமா! உன் வாயில ஒரு நல்ல வார்த்தையே வராதா? போய்யா அந்தப் பக்கம்!”

தும்பையன் ஒரு பெருமூச்சு விட்டது. “நல்லது சொல்ல வந்தா கல்லடி. சரி, உன்பாடு” என்று சொல்லிவிட்டு, வாலைச் சுழற்றியபடி புதருக்குள் போய்விட்டது.

“அது கிடக்குது அண்ணே!” என்று ஊஞ்சலான் தேனாகப் பேசியது. “நான் சொல்றேன் கேளு. இதோ தெரியுதே, அவ்வளவுதான். இன்னும் ஒரே மேடு!”

“முன்னாடியும் இதைத்தானே சொன்னே?”

“முன்னாடி சொன்னது சும்மா. இப்ப சொல்றதுதான் நிஜம்!”

இதைக் கேட்டுவிட்டு எந்த முட்டாளாவது மறுபடி ஓடுவானா? கட்டாரி ஓடியது! என்ன செய்வது, நாலு மேடு என்பதைவிட ஒரு மேடு என்பது காதுக்கு இனிப்பாக இருந்தது. முழுதாக நம்பவில்லை. முக்கால்வாசி நம்பியது. அதனால் முக்கால்வாசி வேகத்தில் ஓடியது.

மூன்றாவது மேட்டில் ஏறும்போது கால் நடுங்க ஆரம்பித்தது. உச்சியில் போய் நின்று பார்த்தது. எதிரே சுவர் மாதிரி ஒரு மேடு. செங்குத்து என்றால் அப்படிப்பட்ட செங்குத்து. பாதை எங்கே போகிறது என்று பார்க்கக் கழுத்தைப் பின்னால் வளைக்க வேண்டியிருந்தது.

கட்டாரியின் முதுகில் இருந்த முள் அத்தனையும் சடசடவென்று எழுந்து நின்றன.

“ஊஞ்சலா! கீழே இறங்கி வாடா!”

ஊஞ்சலான் இரண்டு கிளை மேலே ஏறிக்கொண்டது. “என்ன அண்ணே, கோபமா?”

“எதுக்குப் பொய் சொன்னே?”

“பொய்யா? அது பேரு ஊக்கம்!”

“மரத்து உச்சியில உட்கார்ந்திருக்கியே, அங்கேருந்து பார்த்தா கூன்பாறை வரைக்கும் எல்லா மேடும் தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும்!”

“அப்ப ஏன் சொல்லலை?”

“உன் முகத்தைப் பார்த்தா சொல்ல மனசே வரலை அண்ணே. பாவமா இருக்குது.”

“என் முகம் அப்படி இருக்கக் காரணமே நீதானடா! சரி, இப்பவாவது உண்மையைச் சொல்லு. இன்னும் எத்தனை மேடு?”

ஊஞ்சலான் கட்டாரியைப் பார்த்தது. நுரை தள்ளிய வாயைப் பார்த்தது. நடுங்குகிற காலைப் பார்த்தது. அதன் கண்ணே கலங்கிவிட்டது.

“இன்னும் ஒரே மேடு அண்ணே!”

கட்டாரி தலையில் அடித்துக்கொண்டது. இனி யார் எதைச் சொன்னாலும் காதில் வாங்குவதில்லை என்று முடிவு செய்தது. தும்பையன் ஏதோ எண்ணிக்கை சொன்னதே, அது என்ன? மூன்றா? ஐந்தா? ஞாபகம் வரவில்லை. திட்டுகிற அவசரத்தில் கேட்டதை எங்கே மனசில் வைத்தது? வந்த பக்கம் திரும்பி, “தும்பையா! ஏ தும்பையா!” என்று கூப்பிட்டுப் பார்த்தது. தும்பையன் எப்போதோ வேறு சரிவுக்கு மேயப் போயிருந்தது.

செங்குத்து மேட்டில் கட்டாரி நாலு காலையும் ஊன்றி ஏறியது. இரண்டு அடி ஏறினால் ஒரு அடி சறுக்கியது. இடது முன்காலில் ஒரு நகம் பெயர்ந்துவிட்டது. வழியில் ஒரு அணில் எட்டிப் பார்த்து, “தைரியமா போங்க மாமா, இன்னும் ஒரே மேடு!” என்றது. கொஞ்ச தூரம் போனதும் ஒரு மைனா, “அவ்வளவுதான், இன்னும் ஒரே மேடு!” என்றது. ஒரு மரங்கொத்தி கொத்துவதை நிறுத்திவிட்டு அதையே சொன்னது. பின்னால் ஒரு காட்டுக்கோழி தன் குஞ்சுகளை வரிசையாக நிறுத்தி வைத்து, “எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க பார்ப்போம்!” என்றது. குஞ்சுகள் கீச்சுக் குரலில், “இன்னும் ஒரே மேடு!” என்றன.

“அடப் பாவிகளா!” என்று கட்டாரி முனகியது. “குஞ்சு பொரிச்ச மறுநாளே இதைத்தான் கத்துக் கொடுக்கிறீங்களா?”

எப்படியோ நாலாவது மேடும் முடிந்தது. எதிரே ஐந்தாவது தெரிந்தது. கட்டாரிக்கு வியப்பாகவே இல்லை. எரிச்சல்தான் இருந்தது. இறங்கியது. ஏறியது. இதில் நல்லது என்னவென்றால், யாரையும் நம்பாததால் மெதுவாகப் போயிற்று. மெதுவாகப் போனதால் மூச்சு திரும்பியது. ஐந்தாவது மேட்டின் உச்சிக்கு வரும்போது காலில் இன்னும் ஒரு ஓட்டத்துக்குத் தெம்பு மிச்சம் இருந்தது.

அங்கே சிலுப்பி நின்றுகொண்டிருந்தது. இரண்டு குட்டிகளும் கூட இருந்தன. குறுக்குவழியாக விடியற்காலையிலேயே வந்துவிட்டார்கள். ஓடாதவர்கள் பாதையில் கால் வைக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பாதையின் ஓரத்தில் நின்று சிலுப்பி உடம்பை முன்னால் நீட்டிக் கூவியது.

“என்னங்க! வேகமா ஓடுங்க! இன்னும் ஒரே மேடுதான்!”

கட்டாரி நின்றது. சிலுப்பியை ஏற இறங்கப் பார்த்தது.

“நீயுமா?”

“என்ன நீயுமா? ஓடுங்கன்னா! நிழல் கொஞ்சந்தான் இருக்கு!”

“அந்தக் குரங்குக் கூட்டத்தோட எப்பச் சேர்ந்தே?”

“ஐயோ, எந்தக் குரங்கு? நான் அந்த மேட்டுக்குப் போய் என் கண்ணால பார்த்துட்டு வந்தேன். உச்சியிலதான் கூன்பாறை இருக்கு. மரம் மறைக்குது, இங்கேருந்து தெரியாது. சத்தியமா இன்னும் ஒரே மேடுங்க!”

கட்டாரியின் மனசு ஒரு கணம் அசைந்தது. சிலுப்பி பொய் சொல்கிறவள் இல்லை. ஓடலாமா என்று ஒரு காலை எடுத்து வைத்தது.

அப்போது பார்த்துத் தலைக்குமேல் கிளை குலுங்கியது.

“அப்படிச் சொல்லுங்க அண்ணி!” என்று ஊஞ்சலான் கைதட்டியது. “அண்ணி சொல்றதுதான் சரி அண்ணே! இன்னும் ஒரே மேடு!”

“ஒரே மேடு! ஒரே மேடு!” என்று மரம் முழுக்கக் கத்தியது.

கட்டாரி எடுத்து வைத்த காலைத் திரும்ப வைத்துக்கொண்டது. முகம் இறுகிவிட்டது.

“புரியுது. இன்னும் மூணு நாலு மேடாவது இருக்கும். நான் மயங்கி விழுந்துடுவேன்னு பயந்து நீயும் இரக்கப்பட்டுச் சொல்றே.”

“இல்லைங்க! இல்லவே இல்லை!”

“போதும் சிலுப்பி. ரெண்டு தடவை ஏமாந்தாச்சு. இருக்கிற தெம்பை மூணு மேட்டுக்குப் பங்கு போட்டுத்தான் செலவழிக்கணும். நான் என் கணக்குல போறேன்.”

சிலுப்பி குரங்குகளைப் பார்த்து, “கொஞ்சம் வாயை மூடித் தொலைங்களேன்!” என்று அலறியது. அவை தங்களைப் பாராட்டுவதாக நினைத்து இன்னும் உரக்கக் கத்தின.

இளைய குட்டி இருமிக்கொண்டே, “அப்பா, ஓடுப்பா!” என்றது.

“ஓடுறேன்டா கண்ணு, மெதுவா ஓடுறேன்” என்றது கட்டாரி. சரிவில் பதமாக இறங்கியது. பள்ளத்தில் ஒரு சின்னக் குட்டை இருந்தது. நிறுத்தி நிதானமாகத் தண்ணீர் குடித்தது. பெயர்ந்த நகத்தை ஈர மண்ணில் கொஞ்ச நேரம் புதைத்து வைத்தது. எரிச்சல் அடங்கியதும் எழுந்தது. மேட்டில் நடந்தே ஏறியது. சிலுப்பி பாதைக்கு வெளியே முள்ளிலும் கல்லிலும் விழுந்தடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தது. “ஓடுங்க! ஓடுங்க!” என்று கத்திக் கத்திக் குரல் கட்டிப்போயிற்று. கட்டாரி திரும்பியே பார்க்கவில்லை.

கடைசி மரத்தைத் தாண்டியது.

வெட்டவெளியில் கூன்பாறை நின்றது. அதன்கீழ் ஒரு துளி நிழல்கூட இல்லை.

பாறைக்குப் பக்கத்தில் நிழல் பார்க்கும் ஆமை உட்கார்ந்திருந்தது. ஆமை தலையை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

“இப்பத்தான் போச்சு” என்றது ஆமை. “நீ அந்த மரத்துகிட்ட வரும்போது ஒரு விரற்கடை இருந்துச்சு.”

“ஒரு விரற்கடையா! ஐயா, பெரிய மனசு பண்ணுங்க!” என்றது கட்டாரி.

“எனக்கு இருக்கிறது சின்ன மனசுதான். பள்ளத்து வளை. அடுத்து யார்?” என்றது ஆமை.

அடுத்து யாரும் இல்லை.

கட்டாரி பாறையைத் தொட்டபடி நின்றது. தொட்டு இனி ஒரு பிரயோஜனமும் இல்லை. காலில் தெம்பு இன்னும் அப்படியே இருந்தது. பங்கு போட்டு மிச்சம் பிடித்த தெம்பு! அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் முன்காலால் தரையைக் கீறியது.

ஊஞ்சலான் தாவித் தாவி வந்து சேர்ந்தது. வந்ததும் வராததுமாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டது.

“பார்த்தியா அண்ணே! நாங்க அப்பவே சொன்னோம்ல, இன்னும் ஒரே மேடுன்னு! நீதான் கேட்கலை!”

கட்டாரிக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் காட்டில் இலை போதாது. அதை அடக்கிக்கொண்டு, மேட்டுக்கு மேடு நடந்ததைச் சிலுப்பியிடம் கொட்டித் தீர்த்தது. சிலுப்பி முன்னால் வந்தது. அதன் முள் ஒவ்வொன்றும் குத்திட்டு நின்றது.

“முதல் மேட்டுல சொன்னே. பொய். ரெண்டாவதுல சொன்னே. பொய். மூணாவதுலேயும் பொய். அஞ்சாவதுல நான் சொன்ன உண்மையையும் நீ வாயில போட்டுக் குழப்பி எச்சில் பண்ணிட்டே! நீ சும்மா இருந்திருந்தா என் புருஷன் என்னை நம்பியிருப்பாரு!”

“நல்லது நினைச்சுத்தானே அண்ணி சொன்னேன்?” என்று ஊஞ்சலான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டது. “இந்தக் காலத்துல நல்லது செய்யவே கூடாது போல!”

திரும்பும் வழியில் கட்டாரியும் சிலுப்பியும் பின்னால் வந்தன. குட்டிகள் முன்னால் நடந்தன. கொஞ்ச தூரம் போனதும் சிலுப்பி கேட்டது.

“நான் எப்பவாவது உங்ககிட்ட பொய் சொல்லியிருக்கேனா?”

“இல்லை.”

“அப்புறம் ஏன் நம்பலை?”

கட்டாரி யோசித்தது. “காலையிலேருந்து அதே வார்த்தையைக் கேட்டுக் கேட்டுப் புளிச்சுப் போச்சு. நீ சொன்னப்பவும் குரங்கு சொன்ன மாதிரியே கேட்டுச்சு. தப்புதான் சிலுப்பி. நிஜத்தைச் சொன்ன தும்பையனைத் துரத்தினதுல எனக்கும் பங்கு இருக்கு.”

சிலுப்பி அதன் பெயர்ந்த நகத்தைப் பார்த்துவிட்டு நடையை மெதுவாக்கியது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. பள்ளத்து வளைக்குள் முதல் நாள் ஈரம் கசிந்தது. இரண்டாம் நாள் வாசலில் தண்ணீர் நின்றது. மூன்றாம் நாள் காலை, குட்டிகள் வளையின் மூலையில் சுருண்டு கிடந்தன. சின்னவனுக்கு மறுபடி இருமல் ஆரம்பித்திருந்தது.

வளைக்கு மேலே ஒரு மருத மரம். அதில் நனைந்த துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்த ஊஞ்சலான் கீழே எட்டிப் பார்த்தது. அதற்குப் பழையபடி இரக்கம் பொங்கியது.

“கவலைப்படாதே அண்ணே! அங்கேயே இரு! இதோ விட்டுடும்! இன்னும் ஒரே தூறல்தான்!”

கட்டாரி கண்ணை மூடித் திறந்தது. அப்போது வாசலில் நின்ற சிலுப்பி திரும்பியது. ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருவதையும், அதில் வேரோடு ஒரு மூங்கில் புரண்டு போவதையும் அது பார்த்திருந்தது.

“என்னங்க, இது விடாது. மேலே எங்கேயோ கரை உடைஞ்சிருக்கு. பிள்ளைங்களைக் கிளப்புங்க. இப்பவே போகணும்.”

கட்டாரி ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை தூரம் என்று கேட்கவில்லை. பெரியவனைத் தட்டி எழுப்பியது. சின்னவனை மூக்கால் முன்னே தள்ளியது. நாலு பேரும் மழையில் இறங்கி மேட்டைப் பார்த்து ஓடினார்கள். மிச்சம் பிடித்து வைத்திருந்த தெம்பெல்லாம் அன்றைக்குத்தான் செலவாயிற்று. பாதி மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தபோது, வளை இருந்த இடத்தில் செந்நீர் சுழித்துக்கொண்டிருந்தது.

சரிவின் மேல் ஒரு பாறை இடுக்கு. அதன் வாசலில் மழைக்கு முதுகைக் காட்டித் தும்பையன் நின்றுகொண்டிருந்தது. கட்டாரி தயங்கித் தயங்கிக் கிட்டே போனது.

“தும்பையா, அன்னைக்கு நான் பேசினதை மனசுல வைக்காதே. இங்கே ஒதுங்கலாமா?”

தும்பையன் மெல்லுவதை நிறுத்தாமல் வானத்தைப் பார்த்தது. இடுக்கைப் பார்த்தது.

“இந்த மழை இன்னும் அஞ்சு நாள் பெய்யும். உள்ளே ரெண்டு பிள்ளைங்களுக்கும் உன் பெண்டாட்டிக்கும்தான் இடம் இருக்கு. நீ என்னோட வெளியே நின்னு நனைய வேண்டியதுதான். குளிரும். ராத்திரி இன்னும் அதிகமாக் குளிரும்.”

“ரொம்ப நன்றி!” என்றது கட்டாரி. அதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அஞ்சு நாள் என்று தெரிந்ததே போதும். அதற்கு ஏற்றாற்போல் காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, எருமையின் பக்கத்தில் நின்றது.

ஆகவே, இரக்கப்பட்டுச் சொன்னாலும் பொய் பொய்தான். அது கேட்கிறவரின் பலத்தைத் தின்பதோடு நிற்காமல், நாளைக்கு உண்மை சொல்ல வருகிறவரின் சொல்லையும் செல்லாததாக்கிவிடும்.